ஊசிக்கு நாள் குறிக்கும் முன், அந்த சிரப் பாட்டிலைப் பாருங்கள்

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு ஆறு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். தனித்தனியாக ஏழெட்டு வார்த்தைகள் சொல்வான். பசித்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜின் முன் நிறுத்துவான். வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஆறு மாதமாகப் போகவில்லை. இந்த நிலையில் ஒரு தனியார் மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போயிருக்கிறார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து பிரிக்கும் ஸ்டெம் செல்லை (வேறு செல்களாக வளரக்கூடிய மூலச் செல்லை) முதுகுத்தண்டு வழியாகச் செலுத்துவார்களாம். மூன்று தவணை, ஆறு லட்சம் ரூபாய். "ஏழு வயதுக்குள் செய்தால்தான் பலன்" என்று சொல்லியிருக்கிறார்கள். வேறொரு குழந்தையின் மூளை ஸ்கேன் படத்தைக் காட்டி, நீலமாக இருந்த இடமெல்லாம் பச்சையாக மாறியிருப்பதை விளக்கியிருக்கிறார்கள். 25,000 ரூபாய் முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதிக்கு நகையை அடகு வைப்பதாகத் திட்டம். கணவருக்கு முழு நம்பிக்கை, இவருக்குப் பயம். "நம் பிள்ளையின் செல்தானே, கெடுதல் எப்படி வரும் என்கிறார் என் கணவர். மாத்திரை மருந்தைவிட இது இயற்கையானதுதானே டாக்டர்?" என்று கேட்கிறார்.

கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்த ரிஸ்பெரிடோன் சிரப்பை, அதே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக் கொடுத்து வருகிறார்கள். பையன் ரொம்ப அடம்பிடிக்கும் நாளில் கணவர் கூடுதலாக ஊற்றிவிடுவார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கத்தினால் சளி சிரப்பும் கொடுப்பார்கள். அளக்கும் சிரிஞ்ச் தொலைந்துவிட்டது. மூடியில் கண்ணளவாகத்தான் ஊற்றுகிறார்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: செய்ய வேண்டாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்தக் கடைசிப் பத்திதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் அந்த சிரப்

ரிஸ்பெரிடோன் கெட்ட மருந்து இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கடுமையான கோபம், தன்னைத்தானே அடித்துக்கொள்வது, பிறரைத் தாக்குவது போன்றவற்றுக்கு 5 முதல் 16 வயது வரை தரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-ல் அனுமதித்தது. அதற்கு அடிப்படையாக இருந்த ஆய்வுகளில் ஒன்று 2002-ல் வெளியானது. 101 குழந்தைகள், எட்டு வாரம். மருந்து எடுத்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு நல்ல மாற்றம் தெரிந்தது. மருந்தில்லாத வெற்று மருந்து எடுத்தவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் அப்படித் தெரிந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது: அந்த எட்டு வாரத்தில் மருந்து எடுத்த குழந்தைகளின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 0.8 கிலோ.

ஆகவே இது பலன் உள்ள மருந்து. பக்க விளைவும் உள்ள மருந்து. எடை, இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், கை கால் விறைப்பு, வாய் முகத்தில் தானாக வரும் அசைவுகள் ஆகியவற்றை மருத்துவர் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை வருடமாக உங்கள் மகனுக்கு யாரும் இவற்றைப் பார்க்கவில்லை. இந்த மருந்து பேச்சை வரவழைக்காது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது குறைப்பது ஆவேசத்தை மட்டும்தான்.

இப்போது அந்த மூடியைப் பற்றி. இந்த சிரப் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் வருகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது பல சமயம் ஒரு மில்லிக்கும் குறைவு. சிரப் மூடிகளில் ஐந்து மில்லி பிடிக்கும் மூடிகளும் உண்டு. கண்ணளவில் கை கொஞ்சம் சாய்ந்தாலே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உள்ளே போய்விடும். அதன்மேல் சளி சிரப்பும் சேர்ந்தால் இரண்டும் தூக்கத்தைக் கூட்டும் மருந்துகள். மூச்சு மந்தமாகும் ஆபத்து உண்டு. சில குழந்தைகளிடம் சளி சிரப் நேர்மாறாக வேலை செய்து இன்னும் பரபரப்பாக்கும். நீங்கள் எழுதியிருக்கும் "சிரப் கொடுத்தும் நாலு மணி வரை குதிக்கிறான்" என்ற வரி எனக்கு அதைத்தான் நினைவூட்டுகிறது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப் அது. தூங்க வைப்பதற்காகச் சளி சிரப் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பல மாதம் தூக்கமில்லாமல் கிடக்கும் பெற்றோருக்குக் கை எங்கே போகும் என்று எனக்குப் புரிகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சளி சிரப்பை இன்றே நிறுத்துங்கள். ரிஸ்பெரிடோனை நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். சீட்டில் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். மெடிக்கலில் ஒரு மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்கள், அதில் அளந்து கொடுங்கள். இந்த வாரத்துக்குள் குழந்தை நல மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாப் பாட்டில்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கூடுதலாகக் கொடுத்ததைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எழுப்பினால் எழாமல் கிடப்பது, மூச்சு மெதுவாவது, கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வது, கண்விழி மேலே செருகி நிற்பது, காய்ச்சலோடு உடம்பு விறைப்பது — இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இரண்டு மணிக்கு அவன் ஏன் எழுகிறான் என்பதையும் யாராவது தேட வேண்டும். பேசத் தெரியாத பிள்ளைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. மலச்சிக்கல், பல் சொத்தை, காது வலி, இரும்புச்சத்துக் குறைவு, இரவில் வரும் வலிப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். அவன் எழுந்து கத்தும்போது ஃபோனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் வாயால் சொல்லும் விவரத்தைவிட அது உதவும்.

ஸ்டெம் செல்லால் ஆட்டிசம் மாறுமா?

ஸ்டெம் செல் சிகிச்சை என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. இரத்தப் புற்றுநோய்க்கும் தாலசீமியாவுக்கும் மஜ்ஜை மாற்று சிகிச்சை பல ஆண்டுகளாக உயிர் காத்து வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் இரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, குறைபட்ட மரபணுவுக்குப் பதில் சரியானதைப் புகுத்தித் திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் வெளியான அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐந்தே பேர். ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்றது. அப்படியிருந்தும் அதை எல்லோருக்குமான சிகிச்சை என்று அவர்கள் கடை விரிக்கவில்லை, தொடர்ந்து கண்காணித்துக்கொண்டிருக்கிறார்கள். நோயாளியின் வெள்ளணுக்களை மாற்றியமைத்துப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் கார்-டி சிகிச்சையை மும்பை ஐ.ஐ.டி.-யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்க, 2023 அக்டோபரில் அது அனுமதி பெற்றது. இவற்றில் எந்த செல் கெட்டிருக்கிறது, புதிய செல் உள்ளே போய் என்ன வேலை செய்கிறது என்பது தெரியும். ஆட்டிசத்தில் மாற்றி வைக்க அப்படிக் கெட்டுப்போன ஒரு செல் கிடையாது. குழந்தை கருவில் இருக்கும்போதே மூளை வேறு விதமாக வளர்ந்து வருவது அது.

அப்படியும் முயன்று பார்த்திருக்கிறார்கள், ஒழுங்காகவே. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2 முதல் 7 வயது வரையான 180 குழந்தைகள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. சிலருக்குத் தொப்புள்கொடி இரத்தம், சிலருக்கு வெற்றுத் திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பழகும் திறனில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு இல்லாத ஒரு பிரிவினரிடம் லேசான முன்னேற்றக் குறி தெரிந்தது உண்மை. அந்த மையத்தார் இந்த ஒரு வரியை உங்களிடம் காட்டக்கூடும். அடுத்த ஆய்வில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு கேள்வி, அவ்வளவுதான். மேலும் அங்கே கொடுத்தது தொப்புள்கொடி இரத்தம், கையில் இரத்தக் குழாய் வழியாக. உங்கள் மகனுக்குச் செய்யப்போவதாகச் சொல்வது வேறு செல், வேறு வழி.

"பக்கத்து ஊர்ப் பிள்ளை ஊசிக்குப் பிறகு பேச ஆரம்பித்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாய் பொய் சொல்லவில்லை. இதற்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1998-ல் செக்ரெடின் என்ற குடல் ஹார்மோனை ஊசியாகப் போட்டதில் ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகள் முன்னேறியதாக ஒரு மருத்துவக் குறிப்பு வந்தது. அமெரிக்கா முழுக்கப் பெற்றோர் அந்த ஊசியைத் தேடி ஓடினார்கள். 1999-ல் 60 குழந்தைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு செக்ரெடின், பாதிப் பேருக்கு உப்பு நீர் என்று சோதித்தார்கள். இரு தரப்புமே முன்னேறியது, ஒரே அளவில். உப்பு நீர் போட்ட பிள்ளையின் பெற்றோரும் மாற்றத்தைக் கண்ணால் பார்த்தார்கள். இன்னும் ஒன்று: முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 சதவீதம் பேர் செக்ரெடின் வேண்டும் என்றே சொன்னார்கள். நம்பிக்கையின் பிடி அவ்வளவு வலுவானது. உங்கள் கணவரை நான் புரிந்துகொள்வதும் இதை வைத்துத்தான். பிள்ளைகள் வளர்கிறார்கள், ஊசிக்குப் பிறகு பயிற்சியைக் கூட்டுகிறார்கள், வீட்டில் எல்லோரும் அவனை உற்றுக் கவனிக்கிறார்கள். இத்தனையும் ஊசியின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அந்த நீலம்-பச்சைப் படம் பெட் ஸ்கேனாக இருக்கும். மூளை எவ்வளவு குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டுவது. குழந்தை விழித்திருந்ததா, மயக்க மருந்தில் இருந்ததா என்பதைப் பொறுத்தே அந்த நிறங்கள் மாறும். ஆட்டிசம் குறைந்ததா என்று அளக்க அதைப் பயன்படுத்தும் முறை மருத்துவத்தில் ஏற்கப்படவில்லை. தேவையில்லாமல் பிள்ளைக்குக் கதிர்வீச்சும் மயக்க மருந்தும் போவதுதான் மிச்சம். ஏழு வயதில் கதவு அடைபடும் என்பதற்கும் ஆதாரமில்லை. எட்டிலும் பத்திலும் பேச்சு வந்த பிள்ளைகள் உண்டு. கெடு வைத்தால்தான் பெற்றோர் யோசிக்காமல் பணம் கட்டுவார்கள்.

"நம் பிள்ளையின் செல்தானே"

எடுத்தது அவன் உடம்பிலிருந்துதான். ஆனால் மஜ்ஜையில் இருக்க வேண்டிய செல்லைத் தண்டுவடத் திரவத்தில் கொண்டுபோய் விடும்போது அது அங்கே என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு தவணையிலும் மயக்க மருந்து, இடுப்பெலும்பில் துளை, முதுகில் துளை. ஆய்வகத்தில் கை மாறும்போது கிருமி நுழைந்தால் மூளைக் காய்ச்சல். மூன்று தவணை என்றால் இந்த ஆபத்து மூன்று முறை.

2009-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை இஸ்ரேலைச் சேர்ந்த சிறுவனைப் பற்றியது. வேறொரு நரம்பு நோய்க்காக அவனை மாஸ்கோவுக்கு அழைத்துப்போய்க் கரு மூளையின் ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். சோதித்தபோது அவை தானம் தந்த செல்லிலிருந்தே வளர்ந்தவை என்று தெரிந்தது. உங்கள் மகனுக்குப் பேசப்படும் செல் அந்த வகை இல்லை, அதே ஆபத்து அப்படியே வரும் என்று சொல்வது நியாயமாகாது. நரம்பு மண்டலத்துக்குள் போகும் செல்லுக்குப் பின்விளைவே கிடையாது என்று சொல்வதும் நியாயமாகாது.

இன்னொரு கேள்வி. வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று அந்த மையத்தில் கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. கணக்கில்லாமல் ரிஸ்பெரிடோனும் சளி சிரப்பும் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

கையெழுத்துக்கு முன் சட்டம் என்ன சொல்கிறது

நீங்கள் அனுப்பிய ஒப்புதல் படிவத்தின் ஆங்கிலத்தில், வாயால் "சிகிச்சை" என்று சொன்னதை "பரிசோதனை முறை" என்றும், "பலனுக்கு உத்தரவாதமில்லை" என்றும் எழுதியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அங்கீகரித்த இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று தவிர ஸ்டெம் செல் சார்ந்த மற்றவை எல்லாம் ஆராய்ச்சிதான். அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யலாம். 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கநெறி வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைப்பதும் விளம்பரம் செய்வதும் தொழில் ஒழுக்க மீறல் என்றே சொல்லிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த அரசுச் சான்றிதழ் உங்களுக்குத் தைரியம் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது மருத்துவமனை நடத்துவதற்கான பதிவாக இருக்கும். இந்த ஊசிக்கான அனுமதி ஆகாது.

"இது ஆராய்ச்சிதான், ஆனால் பலன் தரும் ஆராய்ச்சி" என்று பேச்சை மாற்றினால் இவற்றைக் கேளுங்கள்:

சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் அரசுப் பதிவேடு) பதிவு எண் என்ன? மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதிக் கடிதம் எங்கே? ஆய்வைப் பரிசீலித்து ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழு எது, அதன் பதிவு எண் என்ன? சி.டி.ஆர்.ஐ. இணையத்தில் எண்ணை யார் வேண்டுமானாலும் தேடலாம். ஆனால் அதில் பதிவு மட்டும் இருந்தால் அனுமதி கிடைத்துவிட்டது என்று ஆகாது, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தமிழில் தகவல் படிவம் தருவார்களா? புரியாத மொழியில் வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே இல்லை.

ஆராய்ச்சி என்றால் ஏன் ஆறு லட்சம்? ஆராய்ச்சிக்காகச் செய்யும் எதற்கும் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. 2019-ன் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வில் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் அவர்கள்தான் தர வேண்டும். பணம் கேட்டார்கள் என்பதே போதும், நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

கட்டிய 25,000 ரூபாயைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை எழுதிய மருத்துவக் குறிப்புகளின் நகலையும் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915, அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். மருத்துவர் மீதான புகாரைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்பலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்; பணத்தைக் கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நகை வீட்டிலேயே இருக்கட்டும்

ஆறு மாதமாக விட்டுப்போன பேச்சுப் பயிற்சியைத் திரும்பத் தொடங்குங்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியிலோ தலைமை மருத்துவமனையிலோ, வளர்ச்சியில் சிரமமுள்ள குழந்தைகளுக்காக இருக்கும் ஆரம்ப இடையீட்டு மையத்தில் காசில்லாமல் கிடைக்கும். சென்னை முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. ஒரு முறை முழு மதிப்பீட்டுக்குப் போய்வரலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுங்கள். அதை வைத்து நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை கிடைக்கும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, ஊனம் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் எனச் சான்று இருந்தால் ஆறு வயது முதல் பதினெட்டு வரை அவனுக்கு இலவசக் கல்வி உரிமை உண்டு.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2016-ல் வெளியானது. நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள்தான் வீட்டுக்குப் போய், பிள்ளையோடு எப்படி விளையாடுவது, அவன் காட்டும் சின்னக் குறிப்புக்கு எப்படிப் பதில் தருவது என்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. உங்கள் மகன் கையைப் பிடித்து ஃப்ரிட்ஜுக்கு இழுத்துப்போகிறான் என்று எழுதினீர்களே, அது பேச்சின் ஆரம்பம். நாளைக்கு அவன் இழுத்ததும் உடனே கதவைத் திறக்காதீர்கள். பால், தயிர், வாழைப்பழம் என்று மூன்று படத்தைக் கதவில் ஒட்டிவையுங்கள். அவன் ஒன்றைத் தொடும்வரை காத்திருங்கள், தொட்டதும் அதன் பேரைச் சொல்லி எடுத்துக் கொடுங்கள். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று மாமியார் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஆகாது, பேச்சுக்கு அது துணைதான் செய்யும்.

உங்கள் கணவர் இதைப் படிப்பார் என்று நினைத்து அவருக்கும் சில வரிகள். "முயற்சியே செய்யாமல் விட்டுவிட்டு, பின்னால் வருத்தப்பட்டால்?" என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இதுவரை நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவனைத் தோளில் போட்டு நடப்பது நீங்கள்தான் என்று உங்கள் மனைவி எழுதியிருக்கிறார். அந்த அலுப்பில்தான் சிரப் கூடுதலாகப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். மருத்துவரிடம் போகும்போது நீங்களும் உடன் போங்கள், உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். மனசு தாங்காத நாளில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மருத்துவரைப் பார்த்த பிறகு, இப்போது எவ்வளவு ரிஸ்பெரிடோன் தரச் சொன்னார், எடை எவ்வளவு, இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையில் என்ன வந்தது என்று எழுதுங்கள். ஸ்டெம் செல் மையத்திலிருந்து மறுபடி ஃபோன் வந்தால் அந்த சி.டி.ஆர்.ஐ. எண்ணை மட்டும் கேட்டுக் குறித்து அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.